ரிக்கவர் எட்டுத் தரம்தான்: முழு டீமையும் சொட்டுநீரில வளக்கலாமா?

உப்புக்கட்டி, பரந்தன்:

வணக்கம். போக்கிமொன் ஷோடவுனில, அதுதான் ஆளுக்கு ஆறு போக்கிமொனோட ஒன்லைனில மோதுற தளம், ஒன்பதாம் தலைமுறை ஓயூ எண்ட பிரிவு விளையாடுறன். அடிச்சு விழுத்துறது எனக்கு வராது. மற்றாள் களைச்சுப் போகும் வரைக்கும் நிண்டு பிடிக்கிறதுதான் என்ட விளையாட்டு. பகலில போட்டோகொப்பிக் கடையில நிக்கிறனான். ஒரு கையில ஃபோன், மற்றக் கையில ஆற்றையோ பிறப்புச் சான்றிதழ். அந்த வேலைக்குத் தடுப்பு டீம்தான் தோது.

போன மாசம் வரைக்கும் எல்லாரும் வைச்சிருக்கிற போக்கிமொன்களைத்தான் நானும் வைச்சிருந்தன். பிளிசி, டொண்டோசோ, டொக்ஸபெக்ஸ், கோர்விநைட் எண்டு. ஒரு ஆட்டம் 112 டேர்ன் போச்சு. உயிரை நிரப்புற மூவ்களில பிளிசியின்ட சொஃப்ட்-பொயில்ட் முடிஞ்சுது, கோர்விநைட்டின்ட ரூஸ்ட்டும் முடிஞ்சுது. எதிராளியும் தடுப்புக்காரன்தான், அவனிட்ட அதே வேலை செய்யிற ரிக்கவர் இன்னும் இரண்டு மிச்சம் இருந்தது. அந்த இரண்டாலதான் தோத்தன்.

எட்டாம் தலைமுறையில இந்தச் சுகப்படுத்திற மூவ் எல்லாம் பிபி (ஒரு மூவை எத்தினை தரம் பாவிக்கலாம் எண்ட கணக்கு) கூட்டினா 16 தரம் பாவிக்கலாம். 2022இல ஒன்பதாம் தலைமுறை கேமான ஸ்கார்லெட் வயலெட் வந்தாப் பிறகு 8 தரம்தான். பாதியாக் குறைச்சுப் போட்டாங்கள், நாங்கள் இன்னும் பழைய கணக்கில டீம் கட்டிக்கொண்டு இருக்கிறம். அப்பா இரணைமடுத் தண்ணியில வயல் செய்யிறவர். சிறுபோகத்துக்குக் குளத்தில எவ்வளவு நிக்குதெண்டு பாத்துத்தான் ஆளுக்கு எத்தினை ஏக்கர் எண்டு கூட்டத்தில தீர்மானிப்பினம். தண்ணி குறைஞ்சா விதைப்பும் குறையும். போன வருசம் முழுக்க விதைச்சனான் எண்டு அங்க ஒருத்தரும் சண்டை பிடிச்சு வெல்லேலாது.

அதால துருசைத் திறந்து மூடுற டீம் வேண்டாம் எண்டு முடிவெடுத்திட்டன். ஒவ்வொரு டேர்னும் தன்பாட்டில ஊறுற டீம் வேணும். இதுவரைக்கும் ஐஞ்சு பேர்.

கிளைஸ்கோர்தான் தூண். தன்னைத் தானே நஞ்சாக்கிற டொக்சிக் ஓர்ப்பும், அந்த நஞ்சையே உயிராக்கிற பொய்சன் ஹீலும். 354 எச்பியில (உயிர்ப் புள்ளி) டேர்னுக்கு எட்டில ஒண்டு, 44, சும்மா நிண்டாலே ஏறும். உள்ள வரேக்க எதிராளி பரப்பி வைச்ச ஸ்டெல்த் ரொக் கல்லு குத்தினாலும் போறது அதே எட்டில ஒண்டு. அடியை மறிக்கிற ப்ரொடெக்ட் போட்டா இன்னொரு 44. நஞ்சு ஏறினாப் பிறகு நொக் ஓஃப் அடிச்சு ஓர்பைத் தட்டினாலும் நட்டமில்லை, நஞ்சு போகாது.

அலோமோமோலாவுக்கு முழு எச்பி 534. விஷ் அதில பாதி, 267, அடுத்த டேர்ன் முடிவில நிக்கிறவருக்குக் குடுக்கும். ஒரு டேர்ன் விஷ், அடுத்த டேர்ன் அடிச்சிட்டு ஆள் மாறுற ஃப்ளிப் டேர்ன். தான் மெதுவா அடி வாங்கிப் போட்டு வெளியில போகும், உள்ள வாறவருக்கு 267 கிடைக்கும், தானும் ரீஜெனரேட்டரில மூண்டில ஒண்டு எடுத்துக்கொண்டு போகும். விஷ்ஷின்ட பிபியில கை வைக்கேல்ல, இன்னும் 16தான். இந்த முழு யோசினையும் அதைக் கண்டாப் பிறகுதான் வந்தது.

உப்புப் பாறையான கர்கனாகலை வைச்சதுக்குக் காரணம் வேற சொல்லத் தேவையில்லை. ஆனையிறவு உப்பளத்தைத் தாண்டித்தான் நான் யாழ்ப்பாணம் போறனான். உப்பு மலை இல்லாமல் டீம் கட்டினா ஊர்ச்சனம் ஏசும்.

சினிஸ்ச்சா, பச்சைத் தேத்தண்ணிப் பேய். ஸ்ட்ரென்த் சாப் எதிராளியின்ட அட்டாக் எண் எவ்வளவோ அவ்வளவு எச்பி தரும். முழு அட்டாக் போட்ட, யானை மாதிரியான கிரேட் டஸ்க்கின்ட எண் 361. சினிஸ்ச்சாவின்ட முழு எச்பியே 346. ஒரு உறிஞ்சில நிறைஞ்சிடும், அவரின்ட பலமும் ஒரு படி இறங்கும். யானை வயலுக்க வாறது எங்களுக்குப் புதுசில்லை, ஆனா யானையிட்டயே தீன் வாங்கிறது இதுதான் முதல் தரம். பேய் எண்டபடியா நிலத்தில போட்டதைக் கூட்டி எறியிற ரப்பிட் ஸ்பின்னும் இதில படாது, நான் போட்ட ஸ்பைக்ஸ் அப்பிடியே கிடக்கும்.

கோர்விநைட், எதிராளி போட்ட கல்லு முள்ளைத் துடைக்கிற டிஃபொக்குக்கு மட்டும்.

ஆறாவது இடம் காலி. இரும்பும் பேயும் கலந்த கோல்டெங்கோ, தன்ட ஸ்பெஷல் அடியைக் கூட்டுற நாஸ்டி ப்ளொட் ஒண்டு போட்டா ஐஞ்சு பேரும் வரிசையா விழுகினம். ஆரை வைக்கலாம்? பிளிசி எண்டு மட்டும் சொல்லிப் போடாதேங்கோ.

முறிகண்டிக் கச்சான்:

பிளிசி.

பகிடி இல்லை அக்கா. 255 எச்பி, 135 ஸ்பெஷல் டிஃபென்ஸ். கடவுள் குடுத்த ஆளை வீட்டில வைச்சிட்டு ஏன் தேத்தண்ணிப் பேயோட திரியிறீங்கள்?

உப்புக்கட்டி:

தம்பி, அதின்ட சொஃப்ட்-பொயில்ட்டும் 8தான். பிளிசி வந்தா முழு டீமும் அதுக்குப் பின்னால ஒளிக்கத் தொடங்கும், பிறகு அது காலியாகிற நேரம் எல்லாரும் காலி. நான் அப்பிடித்தான் தோத்தனான் எண்டு மேல எழுதியிருக்கிறன், வாசிக்கேல்லையோ?

வவுனிக்குளத்தான்:

தங்கச்சி, யோசினை நல்லம். ஆனா அலைகரை ஒரு பக்கம் மட்டும்தான் கட்டியிருக்கிறியள். ஸ்பெஷல் டிஃபென்ஸ் பேஸ் எண்ணுகளை அடுக்கிப் பாருங்கோ: கர்கனாகல் 90, கோர்விநைட் 85, சினிஸ்ச்சா 80, கிளைஸ்கோர் 75, அலோமோமோலா 45. தண்ணி வாறது அந்தப் பக்கத்தாலதான்.

இன்னொண்டு, நீங்கள் கவனிச்சியளோ தெரியாது. ஸ்ட்ரென்த் சாப் அடிக்கிற மூவ் இல்லை. கோல்டெங்கோவின்ட குட் அஸ் கோல்ட் எண்ட குணம் மற்ற ஆக்கள் போடுற அந்த வகை மூவ் எதையும் தன்னில விடாது. டொக்சிக்கும் ஏறாது. அது நிக்கேக்க உங்கட கோர்விநைட் டிஃபொக் அடிச்சாலும் சும்மா போகும். அதாவது ஐஞ்சு பேரில இரண்டு பேரின்ட வேலையை அது வாசலிலயே நிப்பாட்டுது. சினிஸ்ச்சாவின்ட புல் வகை அடியான மாச்சா கோட்சாவும் இரும்பில பெரிசா ஏறாது.

ஏறுறது கர்கனாகலின்ட சோல்ட் கியூர். அது அடிக்கிற மூவ், அதால குட் அஸ் கோல்ட் மறிக்காது. மற்ற ஆக்களுக்கு டேர்னுக்கு எட்டில ஒண்டு போகும், தண்ணி வகைக்கும் இரும்பு வகைக்கும் நாலில ஒண்டு. உங்கட உப்பு மலைக்குத் தண்ணி டேரா (வகையை மாத்திற வசதி) குடுங்கோ. வெறும் கல்லா நிண்டா கோல்டெங்கோவின்ட இரும்படி மேக் இட் ரெய்ன் இரண்டு மடங்கா விழும், தண்ணியா மாறினா பாதிதான் விழும். உப்பு மலையின்ட பியூரிஃபையிங் சோல்ட் குணம் பேய் அடியையும் பாதியாக்கும், ஷடோ போலுக்கும் பயமில்லை. ஆனா டேரா ஒரு ஆட்டத்தில ஒரு ஆளுக்குத்தான். அவன் கோல்டெங்கோவை மூண்டு தரம் கொண்டு வந்தா அந்த ஒராளே எல்லாத்தையும் தாங்குமோ?

அதுக்குத்தான் ஆறாவது ஆள்: கிளாட்சயர், அன்அவேர். அவன் நாஸ்டி ப்ளொட் எத்தினை போட்டாலும் இது போடாத மாதிரித்தான் அடி வாங்கும். 130 எச்பி, 100 ஸ்பெஷல் டிஃபென்ஸ். ஏர்த்குவேக் கோல்டெங்கோவுக்கு நல்லா நோகும். மின்சார வகை ரேஜிங் போல்ட், பலம் கூட்டுற காம் மைண்ட் போட்டுக்கொண்டு வந்தாலும் இதுதான் மருந்து, மின்சாரம் இதில ஏறாது. சேத்துக்க கிடக்கிற ஆள், எங்கட குளத்து விரால் மாதிரி.

உப்புக்கட்டி:

அண்ணை, சாப் விசயத்தில நான் மடைச்சிதான். மூண்டு தரம் அமத்திப் பாத்திட்டு ஃபோன்தான் பிழை எண்டு நினைச்சனான்.

ஆனா கிளாட்சயரும் ரிக்கவர்தானே பாவிக்கும்? என்ட கொள்கை என்னாகிறது?

வவுனிக்குளத்தான்:

கொள்கையை வைச்சு வயல் விளையாது. எட்டு ரிக்கவரையும் ஒரே ஆள் நம்பி இருந்தாத்தான் பிழை. உங்களிட்ட 16 விஷ் இருக்கு. கிளாட்சயருக்கு முழு எச்பி 464, ஒரு விஷ் பாதிக்கு மேல நிரப்பும். முதல் விஷ், வழி இல்லாட்டித்தான் ரிக்கவர். வாய்க்கால் தண்ணி வாற வயலிலயும் ஒரு கிணறு வெட்டி வைக்கிறதில்லையோ?

மாங்குளம் சந்தி:

இரண்டு விசயம் சொல்லிப் போட்டுப் போறன், வேலை நேரம்.

ஒண்டு கிங்காம்பிட். அதின்ட சுப்ரீம் ஓவர்லோர்ட், தன்ட ஆக்கள் விழுந்த கணக்குக்கு ஆளுக்குப் பத்து வீதம் பலம் கூட்டும், ஐஞ்சு பேர் போனா 50. தடுப்பு டீமுக்கு இது பெரிய இடைஞ்சல். நீங்கள் மெதுமெதுவா ஐஞ்சு பேரையும் கொண்டு முடிச்சிட்டு வெண்டாச்சு எண்டு இருக்கேக்கதான் அது வரும். கிளாட்சயர் பலம் கூட்டுற சுவோர்ட்ஸ் டான்ஸை மட்டும்தான் கணக்கெடுக்காது, இந்த 50 அன்அவேருக்குள்ள அடங்காது. அதால கிளைஸ்கோரைக் கடைசி வரைக்கும் தேஞ்சு போக விடாதேங்கோ, ஏர்த்குவேக் அதுக்காக இருக்கட்டும். இல்லாட்டி கிங்காம்பிட் முதல் தரம் தலை காட்டேக்கயே உப்பைப் பூசி விடுங்கோ, அதுவும் இரும்புதான். வெளியில போய் வந்தா உப்பு கழண்டிடும், அது ஞாபகம் இருக்கட்டும்.

மற்றது, இரண்டு பேரும் விடாமல் நிண்டா 1000 டேர்னில ஷோடவுன் தானா சமநிலை எண்டு முடிச்சிடும். அவ்வளவுக்குப் போறது அருமை. அதுக்கு முதல் உங்கட டேட்டா காட் முடிஞ்சிடும்.

உப்புக்கட்டி:

மூண்டு இரவு விளையாடிப் பாத்திட்டு வாறன் எண்டு இருந்தனான், அதுதான் பிந்தினது. கிளாட்சயரை வைச்சிட்டன்.

பதினாலு ஆட்டம், ஒன்பது வெற்றி. பெரிய ரேட்டிங் இல்லை, ஆயிரத்து முந்நூறுக்குள்ளதான். ஆனா ஒரு ஆட்டத்தைச் சொல்லியே ஆகவேணும். எதிராளியின்ட கோல்டெங்கோ எயார் பலூனோட வந்தது. பலூன் இருக்கும் வரைக்கும் ஏர்த்குவேக் படாது. அலோமோமோலா நிண்டது. நான் விஷ் போட்டன், அவன் நாஸ்டி ப்ளொட் போட்டான். அடுத்த டேர்ன் அவன்ட ஷடோ போலை வாங்கிக்கொண்டு ஃப்ளிப் டேர்ன். அந்த அடியில பலூன் உடைஞ்சுது, கிளாட்சயர் உள்ள வந்தது. அந்த விஷ் நிறைஞ்ச கிளாட்சயருக்கே விழுந்து வீணாப் போனது வேற கதை. ஆனா அவன் இனி என்ன செய்யிறதெண்டு தெரியாமல் கன நேரம் யோசிச்சான். தம்பி பக்கத்தில இருந்து பாத்திட்டு, அக்கா இவன் இப்ப சாப்பிடப் போயிருப்பான் எண்டான். கடைசியில ஷடோ போலே அடிச்சான், நான் ஏர்த்குவேக், அவன் ரிக்கவர், நான் ஏர்த்குவேக். அவன்ட ரிக்கவரும் எட்டுத்தான் எண்டது எனக்கு அப்பதான் உறைச்சது. 71ஆவது டேர்னில விட்டிட்டுப் போனான். என்ட பக்கம் மொத்தமா பாவிச்ச ரிக்கவர் மூண்டு, ரூஸ்ட் ஒண்டு.

மாங்குளம் அண்ணை சொன்ன கிங்காம்பிட் இரண்டு தரம் வந்தது. ஒருக்கா கிளைஸ்கோர் இருந்தபடியாத் தப்பினன். மற்றத் தரம் அதை வீணா நொக் ஓஃப்புக்கு முன்னால விட்டுத் தேச்சு வைச்சிருந்தன், நாலு பேரை ஒரே மூச்சில கொண்டு போனது.

தோத்த ஐஞ்சில இரண்டு ஒரே காரணம்: நேரடி அடி தவிர வேற சேதம் எதையும் விடாத மஜிக் காட் குணமுள்ள கிளெஃபேபிள். உப்பும் நோகாது, நஞ்சும் நோகாது, ஸ்பைக்ஸ்ஸும் குத்தாது. காம் மைண்ட் போட்டுக்கொண்டு சிரிச்சுக்கொண்டு நிக்குது. என்ட டீம் முழுக்கச் சொட்டுச் சொட்டாக் கொல்லுற டீம். அது அந்தச் சொட்டு ஒண்டையும் மதிக்குதில்லை.

வவுனிக்குளத்தான்:

நேர அடிக்கிறதுதான் வழி, மஜிக் காட் அதை மறிக்காது. கிளாட்சயருக்கு டொக்சிக்கைக் கழட்டிப் போட்டுப் பொய்சன் ஜப் குடுங்கோ. கிளெஃபேபிளின்ட தேவதை வகைக்கு நஞ்சடி இரண்டு மடங்கு, காம் மைண்டையும் அன்அவேர் கணக்கெடுக்காது. கோர்விநைட்டுக்கும் ஐயன் ஹெட் இருக்கட்டும்.

முறிகண்டிக் கச்சான்:

அக்கா, நாளைக்கு இரவு எட்டுக்குப் பிறகு ஒரு ஆட்டம் வாறியளோ? நான் பிளிசியோடதான் வருவன்.

உப்புக்கட்டி:

வாங்கோ தம்பி. சாப்பிட்டிட்டு வாங்கோ, கன நேரம் எடுக்கும்.