உதவி: மெயிலில் ‘ரிவர்ட்’ என்று வந்திருக்கிறது, செய்ததை எடுத்துவிட வேண்டுமா? (அவசரம்)

வெண்மதி_கோவை | காலை 11:12
வணக்கம். மூன்று நாள் ராத்திரி பகலாக உட்கார்ந்து செய்த வேலையை நேற்று அனுப்பினேன். இன்று காலை ரிவர்ட் என்று மெயில் வந்திருக்கிறது. காரணம் ஒன்றும் சொல்லவில்லை. அகராதியில் ‘பழைய நிலைக்குத் திரும்பு’ என்று இருக்கிறது. அப்படியென்றால் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டுமா? சாயங்காலத்துக்குள் வேண்டுமாம். யாராவது சீக்கிரம் சொல்லுங்கள்.

சுரேந்தர் | 11:15
என்ன வேலை? கோடிங்கா, டிசைனா, கணக்கா? அதைச் சொன்னால்தானே சொல்ல முடியும்.

கமிட்_பாண்டி | 11:19
கோடிங்தான், எழுதியிருப்பதைப் பார்த்தாலே தெரிகிறது. எங்கள் துறையில் ரிவர்ட் என்றால் ஒரே அர்த்தம், கிட் ரிவர்ட் (கிட் என்பது கோடில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் மென்பொருள்; ஒவ்வொரு பதிவும் ஒரு கமிட்). பழைய கமிட்டுக்கு நேர் எதிரான மாற்றத்தைப் புதிய கமிட்டாகப் போடும்; பழையது வரலாற்றில் அப்படியே இருக்கும். அவசரத்தில் ‘ரீசெட்’ என்ற கட்டளையை மட்டும் அடித்துவிடாதீர்கள். அது கிளையின் முனையையே பின்னுக்கு இழுத்துவிடும். கூடவே ‘ஹார்ட்’ (hard) என்றும் சேர்த்துப் போட்டால் கமிட் செய்யாமல் வைத்திருந்த மாற்றங்களும் போய்விடும். என் பழைய டீமில் ஒரு பையன் அப்படி ஒரு நாள் வேலையைத் தொலைத்தான். கடைசிக் கமிட்டிலிருந்து ஒவ்வொன்றாகப் பின்னோக்கி ரிவர்ட் செய்யுங்கள்.

அருள்மொழி | 11:24
தம்பி பாண்டி, கொஞ்சம் பொறுங்கள். வெண்மதி, அந்த வாக்கியத்தை முழுசாக அப்படியே போடுங்கள். ரிவர்ட்டுக்கு அடுத்து என்ன சொல் இருக்கிறது? அனுப்பியவர் இந்தியரா, வெளிநாட்டுக்காரரா?

இலக்கணச்செம்மல் | 11:31
இங்கே பல வருடமாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன், அகராதியில் முதல் வரியோடு நிறுத்தாதீர்கள் என்று. யாரும் கேட்பதில்லை. லத்தீனில் ‘ரெ’ என்றால் பின்னே, ‘வெர்ட்டெரே’ என்றால் திருப்பு. கன்வர்ட், டைவர்ட், இன்வர்ட் எல்லாம் அதே வேரில் வந்தவை. குத்தகைக் காலம் முடிந்தால் நிலம் உடையவருக்கு ரிவர்ட் ஆகும். ஹாங்காங்கின் புதிய பிரதேசங்களை பிரிட்டன் 1898இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. 1997இல் ஹாங்காங் முழுவதும் சீனாவுக்குத் திரும்பியது. இதுதான் ரிவர்ட். ‘பதில் போடு’ என்ற பொருள் நம் ஊர் அலுவலகங்கள் கிளப்பிவிட்ட பிழை. ‘ரிவர்ட் பேக்’ அதைவிட மோசம். நடுசென்டர் என்பது போல, உள்ளே இருக்கும் ‘பின்னே’யை இன்னொரு தடவை சொல்வது.

தூத்துக்குடி_ஏஜென்ட் | 11:44
பிழை என்று ஒரே போடாகப் போட வேண்டாம் சார். நான் சரக்குக் கப்பல் ஏஜென்சியில் 22 வருடமாக இருக்கிறேன். கப்பல் வாடகை கேட்டு காலையில் மெயில் போட்டால், மதியம் புரோக்கரிடமிருந்து ‘ஓனர்ஸ் வில் ரிவர்ட்’ என்று ஒரு வரி வரும். கப்பல்காரர் யோசித்துச் சொல்வார் என்று அர்த்தம். லண்டன் புரோக்கரும் இதையேதான் எழுதுகிறார், சிங்கப்பூர் புரோக்கரும் இதையேதான் எழுதுகிறார். நம் ஊர் அலுவலகங்கள் மட்டும் கிளப்பிவிட்டது என்றால் அவர்கள் ஏன் எழுத வேண்டும்? விட்ட பேச்சுக்குத் திரும்பி வருவதையும் ஆங்கிலத்தில் ரிவர்ட் என்றுதானே சொல்கிறார்கள், அதிலிருந்து பதில் என்ற பொருளுக்கு ஒரு எட்டுதான். டெலக்ஸ் காலத்தில் சுருக்கமாக அடித்துப் பழகியது அப்படியே நின்றுவிட்டது என்பது என் கணிப்பு.

வெண்மதி_கோவை | 11:52
‘ப்ளீஸ் ரிவர்ட் ஆன் த சேஞ்சஸ் பை ஈவினிங்.’ அவ்வளவுதான் இருக்கிறது. ஆமாம், கோடிங்தான். அனுப்பியவர் புனேயில் இருக்கும் மேனேஜர். பாண்டி அண்ணா சொன்னபடி கடைசிக் கமிட்டை ரிவர்ட் செய்துவிட்டேன். இன்னும் நான்கு இருக்கிறது.

அருள்மொழி | 11:54
நிறுத்துங்கள். மீதி நான்கைத் தொடாதீர்கள்.

அந்த ‘ஆன்’ என்ற சின்னச் சொல்லில்தான் விஷயமே இருக்கிறது. ‘ரிவர்ட் த சேஞ்சஸ்’ என்று எழுதியிருந்தால் மாற்றங்களை எடுத்துவிடு என்று பொருள். ‘ரிவர்ட் டு த ஓல்ட் வெர்ஷன்’ என்றாலும் அதேதான், பழையதற்குத் திரும்பு. ஆனால் ‘ரிவர்ட் டு மீ’ என்று ஆளைச் சொன்னாலோ, ‘ரிவர்ட் ஆன்’ என்று விஷயத்தைச் சொன்னாலோ, பதில் கேட்கிறார்கள். உங்களுக்கு வந்தது கடைசி வகை: ‘மாற்றங்களைப் பற்றிச் சாயங்காலத்துக்குள் சொல்லுங்கள்’. ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பவள் என்பதால் இந்த நான்கையும் வருடா வருடம் போர்டில் எழுதுகிறேன். முதல் இரண்டும் எல்லா நாட்டிலும் செல்லும். பின்னிரண்டும் இந்தியா, சிங்கப்பூர், மலேசியா பக்கம் சாதாரணம். அமெரிக்கருக்கு எழுதினால் விழிப்பார்.

எதற்கும் அவருக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள். அர்த்தம் தெரியாமல் கேட்கிறீர்கள் என்று நினைக்க மாட்டார். ‘மாற்றங்களின் விவரம் வேண்டுமா, மாற்றங்களை எடுத்துவிட வேண்டுமா’ என்று இரண்டையும் சொல்லிக் கேளுங்கள்.

கமிட்_பாண்டி | 11:58
‘ஆன்’ கை தவறி விழுந்திருக்கலாமே? எங்கள் மேனேஜர் எந்த வாக்கியத்திலும் ஒரு ஆன் போடுவார். நான் இன்னும் எடுக்கத்தான் சொல்லியிருக்கிறார் என்று நினைக்கிறேன். ஆனால் போன் போடுவது நல்லதுதான், முதலிலேயே நானும் அதைச் சொல்லியிருக்க வேண்டும். எடுத்த கமிட்டுக்குக் கவலைப்படாதீர்கள். ரிவர்ட் போட்டதில் உருவான புதிய கமிட் இருக்கிறதல்லவா, அதையே ரிவர்ட் செய்யுங்கள். பழைய வேலை திரும்ப வந்துவிடும்.

இலக்கணச்செம்மல் | 12:06
பாருங்கள், நான் சொன்னதுதான் நடந்திருக்கிறது. ரிப்ளை என்று தெளிவான சொல் இருக்கும்போது இது எதற்கு? ஒரு பெண் மூன்று நாள் உழைப்பை அழிக்கப் போய்விட்டாள். ப்ரீபோனும் இப்படி வந்ததுதான். கல்லூரி முடித்ததை ‘பாஸ்டு அவுட்’ என்று எழுதினால் வெள்ளைக்காரர் மயக்கம் போட்டு விழுந்தீர்கள் என்றே படிப்பார். மொழியைக் கடன் வாங்கினால் அதன் ஒழுங்கையும் சேர்த்து வாங்க வேண்டும்.

நிலா_சிங்கை | 12:15
ப்ரீபோனை விடுங்கள் ஐயா. கூட்டத்தை முன்கூட்டியே வைப்பதை ஒரே சொல்லில் சொல்ல வேறு வினை எது இருக்கிறது? குழப்பம் ஆங்கிலேயரிடமும் உண்டு. ‘டேபிள்’ என்ற வினை பிரிட்டனில் ‘விவாதத்துக்கு எடு’, அமெரிக்காவில் ‘ஒத்திப்போடு’. இரண்டாம் உலகப் போரில் ஒரு அறிக்கையை உடனே பேச வேண்டும் என்று பிரிட்டிஷ் தரப்பு ‘டேபிள்’ செய்யக் கேட்க, கூடாது, அது முக்கியமானது என்று அமெரிக்கத் தரப்பு மறுக்க, நெடுநேரம் சண்டை. இரண்டு தரப்பும் கேட்டது ஒன்றைத்தான் என்பது பிறகுதான் புரிந்தது. சர்ச்சில் தன் போர் நினைவுகளில் எழுதியிருக்கிறார். இதில் எந்தத் தரப்புக்கு ஒழுங்கு இல்லை என்பீர்கள்?

இலக்கணச்செம்மல் | 12:21
அது இரண்டு நாட்டு நாடாளுமன்ற மரபு. நம்முடையது கவனக்குறைவு. இரண்டும் ஒன்றல்ல.

தூத்துக்குடி_ஏஜென்ட் | 12:26
கவனக்குறைவாக எழுதினால் கப்பல் துறைமுகத்தில் நிற்கும், சார். நின்றால் நாள் கணக்கில் டெமரேஜ், அதாவது தாமதக் கட்டணம், ஏறும். இந்தச் சொல்லால் ஒரு கப்பலும் நின்று நான் பார்த்ததில்லை.

சுரேந்தர் | 1:10
வெண்மதி எங்கே? பேசினீர்களா?

வெண்மதி_கோவை | 1:43
பேசிவிட்டேன். பதில்தான் கேட்டிருக்கிறார். எந்தெந்தத் திரை மாறியிருக்கிறது என்ற பட்டியல் டெஸ்டிங் டீமுக்கு வேண்டுமாம். எடுத்த கமிட்டும் பாண்டி அண்ணா சொன்ன வழியில் திரும்ப வந்துவிட்டது. அருள்மொழி அக்காவுக்கு ரொம்ப நன்றி. பட்டியல் அனுப்பியதும் ‘நோட்டட், வில் ரிவர்ட்’ என்று மெயில் வந்திருக்கிறது. இதுவும் அதுதானே?

அருள்மொழி | 1:47
அதேதான். பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்கிறார். இந்தத் தடவை ரிவர்ட் செய்யப் போவது அவர், நீங்கள் எதையும் தொட வேண்டாம். போய்ச் சாப்பிடுங்கள்.