தோட்ட ஆபீஸில் மனிதவள வேலை: முதலில் எதைப் பார்ப்பது?

கேள்வி (பொகவந்தலாவை)
வணக்கம். அட்டன் பக்கம் தொழிற்சாலையும் மூன்று டிவிஷனும் உள்ள ஒரு தோட்டத்தில் அடுத்த மாதம் மனிதவள உத்தியோகத்தராகச் சேர்கிறேன். டிப்ளோமாவில் படித்தது ஆட்சேர்ப்பு, பயிற்சி, செயல்திறன் மதிப்பீடு. நியமனக் கடிதத்தில் இருப்பது செக்ரோல் (தொழிலாளர் வருகை, சம்பளப் பதிவேடு) மேற்பார்வை, ஊழியர் சேமலாப நிதி (EPF), ஒழுக்காற்று விசாரணை, தொழிற்சங்கத் தொடர்பு. எதை முதலில் கையில் எடுக்க? பிழை எங்கே வரும்?

பதில் 1 (தலவாக்கலை)
பெயரில் தொடங்குங்க தங்கச்சி. செக்ரோலில் 'பார்வதி', அடையாள அட்டையில் 'பார்வதியம்மா', பிறப்புச் சான்றிதழில் 'பாருவதி' என்று ஒரே ஆள் மூன்று பேராக நிற்பது நம்ம தோட்டங்களில் சாதாரணம். வேலை செய்யும் காலமெல்லாம் இது யார் கண்ணிலும் படாது. வயதாகி வேலையை விட்ட பின் சேமலாப நிதிக் காசைக் கேட்டு 'கே' படிவம் நிரப்பும்போதுதான் காசு நிற்கும். அந்த வயதில் சத்தியக் கடதாசிக்கு ஆபீஸ் ஆபீஸாக அலைய வைப்பது பெரிய அநியாயம்.

ஒரு டிவிஷனை எடுத்து, செக்ரோல், 'ஏபிஎச்' படிவப் (சேமலாப நிதியில் ஆளைப் பதியும் படிவம்) பிரதி, அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ் நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்க. பழைய 9 இலக்க எண்ணும் புதிய 12 இலக்க எண்ணும் கலந்திருக்கும், அதையும் குறியுங்க. புதிதாகச் சேர்பவரின் பெயரைக் கங்காணி (வேலை மேற்பார்வையாளர்) சொல்லக் கேட்டு எழுதக் கூடாது, அட்டையைப் பார்த்து எழுதணும். கலியாணத்துக்கு முன் அம்மாவைப் பின்னுரித்தாளியாக (தான் இறந்தால் நிதிக் காசைப் பெறுபவராக) போட்டவரிடம் இப்போது யார் பெயர் வேண்டும் என்று திரும்பக் கேளுங்க.

பதில் 2 (நுவரெலியா)
கணக்குப் பக்கம் இது. சேமலாப நிதிக்கு ஊழியரிடம் 8%, நிர்வாகம் 12%. ஊழியர் நம்பிக்கை நிதி (ETF) 3% முழுக்க நிர்வாகத்தின் பொறுப்பு, அதைச் சம்பளத்தில் கழிக்கக் கூடாது. உழைப்பு 50,000 ரூபாய் என்றால் கழிவு 4,000, நிர்வாகப் பங்கு 6,000, நம்பிக்கை நிதி 1,500. அடுத்த மாத முடிவுக்குள் கட்டணும். சேமலாப நிதி தாமதித்தால் மேலதிகக் கட்டணம் 5 முதல் 50 சதவீதம் வரை ஏறும்.

வழுக்கும் இடம் அடிப்படைச் சம்பளத்துக்கு மட்டும் கணக்குப் போடுவது. வாழ்க்கைச் செலவுப்படியும் விடுமுறைச் சம்பளமும் உள்ளே வரும், மேலதிக நேரக் காசு வராது. 'கைக்காசு ஆட்களுக்கு (அன்றன்றைக்குக் காசு வாங்குபவர்களுக்கு) நிதி இல்லை' என்று யாராவது சொன்னால் கேட்காதீங்க. தற்காலிகமோ துண்டு வேலையோ, முதல் நாளிலிருந்தே உண்டு.

கேள்வி கேட்டவர்
நன்றி அண்ணன். பணிக்கொடையும் விசாரணையும்?

பதில் 3 (பண்டாரவளை)
1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி 5 வருடம் முடித்தவருக்குப் பணிக்கொடை (வேலை முடியும்போது சேவைக்காலத்துக்குக் கிடைக்கும் தொகை) உண்டு. மாதச் சம்பளக்காரருக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம், நாட்சம்பளக்காரருக்கு 14 நாள் சம்பளம். 22 வருடம் என்றால் 308 நாள், அதுவும் கடைசியாக வாங்கிய நாட்சம்பளத்தில். வேலை முடிந்து 30 நாளுக்குள் கையில் கொடுக்கணும். ஓய்வு பெறப்போகிறவர்களின் பட்டியலை ஒரு வருடம் முன்பே எடுத்து வைத்தால் இந்தத் தவணை தப்பாது.

விசாரணையில் நிர்வாகம் பெரும்பாலும் தோற்பது நடைமுறையால்தான். முதலில் விளக்கம் கோரும் கடிதம், பதிலுக்கு நியாயமான அவகாசம், அதற்குப் பின் விசாரணை. முறைப்பாடு செய்த உத்தியோகத்தரே விசாரணைக்கு உட்காரக் கூடாது. ஒழுக்காற்றுக் காரணத்தால் வேலை நீக்கினால், காரணத்தை இரண்டாவது வேலைநாள் முடிவதற்குள் எழுத்தில் கொடுக்கணும். தொழில் நியாயசபைக்கு (தொழில் வழக்குகளை விசாரிக்கும் மன்றம்) போக அவருக்கு 6 மாதம் உண்டு, அதனால் கோப்பை அதுவரை கலைக்காதீங்க.

கடிதம் தமிழில் இருக்கட்டும். ஆங்கிலக் கடிதத்தில் கைநாட்டு வாங்கிவிட்டு 'விளங்கிக்கொண்டார்' என்று பதிவது அந்தத் தொழிலாளிக்குச் செய்யும் துரோகம், நியாயசபையிலும் நிற்பது கஷ்டம். சங்கத் தலைவரிடம் விசாரணைத் திகதியை முன்கூட்டியே சொல்லுங்க. காலைப் பெரட்டுக்கு (வேலை பிரித்துக்கொடுக்கும் காலைக் கூட்டம்) வாரத்தில் இரண்டு நாளாவது போங்க. 'நேற்று என் பேர் விழவில்லை' (வேலை செய்தும் நாள் பதியப்படவில்லை) என்ற முறைப்பாடு அங்கேதான் முதலில் வரும், அன்றைக்கே செக்ரோலைத் திருத்திவிடலாம்.