மறு: மறு: பழைய வீட்டு மரத்துக்கு ஒரு சொல் – ‘பிரிமரம்’ சரிவருமா?

எல்லோருக்கும் வணக்கம்.

பழைய வீடு முதலியவற்றைப் பிரித்து எடுத்து மறுபடி பயன்படுத்தும் மரத்துக்கு ஒரு தமிழ்ச் சொல் தேடிக்கொண்டிருக்கிறோம். இதுவரை ‘மீட்புமரம்’, ‘மறுபயன் மரம்’, ‘மறுசுழற்சி மரம்’ என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. ரங்கூனில் தச்சுப் பட்டறை வைத்திருக்கிறேன். எங்களுக்கு வரும் சரக்கில் பாதிக்கு மேல் பழைய வீடுகளின் தூணும் உத்தரமும்தான், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

மறுசுழற்சி வேண்டாம். தாளைக் கூழாக்கி மறுபடி தாளாக்குவது மறுசுழற்சி. இங்கே மரம் மரமாகவேதான் இருக்கிறது. மீட்புமரம் என்றதும் எனக்கு ஆற்றில் மூழ்கிய மரம்தான் ஞாபகம் வருகிறது. பச்சைத் தேக்கு மிதக்காது என்பதால், அந்தக் காலத்தில் அடிமரத்தில் பட்டையை வளையமாக வெட்டி, நின்றபடியே இரண்டு மூன்று வருடம் காயவிட்டுத்தான் ஐராவதி ஆற்றில் விடுவார்கள், அப்படியும் மூழ்கிப்போனது உண்டு. அதைத் தூக்கி எடுத்தால் மீட்புமரம் என்று சொல்லுங்கள், பொருந்தும். மறுபயன் மரம் தப்பில்லை. ஆனால் மரம் இனி எங்கே போகப்போகிறது என்றுதான் அது சொல்கிறது, எங்கிருந்து வந்தது என்று சொல்லவில்லை. பட்டறையில் கையையும் கண்ணையும் காப்பாற்றுவது எங்கிருந்து வந்தது என்கிற விஷயம்தான்.

எங்கள் ஆசாரிமார் ‘பிரிச்ச மரம்’ என்கிறார்கள். கூரையைப் பிரிக்கிறோம், பந்தலைப் பிரிக்கிறோம், அதே பிரிப்புதான். சுருக்கினால் ‘பிரிமரம்’, ஊறுகாய் மாதிரி ஒரு வினைத்தொகை. இந்தச் சொல்லைக் கேட்டால் அடுத்த கேள்வி தானாக வாயில் வரும்: எதிலிருந்து பிரித்தது? ரயில் தண்டவாளத்துக் கட்டை என்றால் கிரியோசோட் (மரம் கெடாமல் இருக்க ஏற்றும் தார் எண்ணெய்) ஏறியிருக்கலாம், கறுப்பாகத் தார் வாசனை அடித்தால் வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது, அடுப்பிலும் வைக்கக் கூடாது. படகு என்றால் உள்ளே செம்பு ஆணி இருக்கலாம், காந்தம் அதைக் காட்டாது. பெயின்ட் பூசிய கதவு, ஜன்னல் என்றால் ஈயம் இருக்கும் என்று வைத்துக்கொண்டே வேலை செய்ய வேண்டும்: உலர்வாக உப்புத்தாள் போடக் கூடாது, ஈரப்படுத்திச் சுரண்ட வேண்டும், அந்தச் சட்டையோடு பிள்ளையைத் தூக்கக் கூடாது.

மர வகைக்கும் இந்தக் கேள்வி உதவும், ஆனால் அது மட்டும் போதாது. போன மழைக்காலத்தில் தேக்கு என்று சொல்லி ஆறு தூண் இறங்கியது. வெளியே எல்லாம் ஒரே சாம்பல் நிறம். வெயிலில் பல வருடம் நின்றால் எந்த மரமும் அந்த நிறத்துக்கு வந்துவிடும், மேல்தோலைப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. தலைப்பக்கத்தில் கூர் உளியால் நகமளவு செதுக்கிப் பார்த்தேன். தேக்கு என்றால் வெட்டுமுகத்தில் ஆண்டு வளையத்துக்கு ஒரு வரிசையாகப் பெரிய துளைகள் கண்ணுக்கே தெரியும், தடவினால் மெழுகு போல வழுக்கும், புதுச் செதுக்கலில் தோல் வாசனை வரும். இரண்டு தூணில் இதெல்லாம் இருந்தது. மற்ற நான்கில் துளைகள் சிதறிக் கிடந்தன, சில்லைத் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டதும் அடியில் போய் உட்கார்ந்தது. தேக்குச் சில்லு மிதக்கும், கன மீட்டருக்குச் சுமார் 650 கிலோதான். இந்த நான்கும் பியின்கடோ என்கிற பர்மா மரம், நம் பக்கத்து இருள் மரத்துக்கு நெருங்கிய சொந்தம். மோசமான மரம் இல்லை, தூணுக்கு இதைவிட நல்லது கிடைப்பது கஷ்டம், ஆனால் நார் மாறி மாறி ஓடும், தேக்கு என்று நினைத்து இழைத்தால் பெயர்ந்து வரும். (படாக் என்றால் இன்னும் எளிது. வேங்கை மரத்தின் இனம்தான் அது, தூளைத் தண்ணீரில் ஊறவைத்து வெயிலில் பிடித்தால் வேங்கை மரக் கிண்ணத்தில் ஊற்றிவைத்த தண்ணீர் மாதிரி நீலம் அடிக்கும்.)

அதே தூண் ஒன்றில் காசளவு கருநீல வட்டம். ஆணி எதுவும் தெரியவில்லை, காந்தமும் பிடிக்கவில்லை. மெட்டல் டிடெக்டர் வைத்தால் கத்துகிறது. தோண்டினால் இரண்டு அங்குலம் உள்ளே தலை முறிந்த இரும்பாணி. இரும்பும் மரத்தின் துவர்ப்பும் ஈரத்தில் சேர்ந்தால் வரும் நிறம் அது. முன்னொரு தடவை இதைக் கவனிக்காமல் இயந்திரத்தில் விட்டு, கத்தித் துண்டு எங்கள் பையனின் காதை ஒட்டிப் பறந்தது. அதனால் இந்த வட்டத்துக்கும் ஒரு சொல் வேண்டும் என்கிறேன்: ‘ஆணிக்கறை’.

மரத்தூள் விஷயத்தையும் சொல்லாமல் விடக் கூடாது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-லேயே மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்திவிட்டது. தேக்குத் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பும் கொண்டுவரும். துணி கட்டினால் போதாது, என்95 முகக்கவசம் போடுங்கள்.

இனி, நேற்று வந்த மறுப்பு:

> ‘பிரி’ தன்வினையும் ஆகும், பிறவினையும் ஆகும். ஒட்டுப்பலகை ஏடு ஏடாகப் பிரிந்தால் அதுவும் பிரிமரம்தானே?

நியாயமான கேள்வி, அக்கா. ஆனால் பட்டறையில் அதை யாரும் பிரிந்தது என்று சொல்வதில்லை, ‘ஒட்டு விட்டுப்போச்சு’ என்பார்கள். அப்புறம், காரைக்குடிப் பக்கம் செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வரும் பர்மாத் தேக்குத் தூணையும் நிலையையும் ‘வீடு பிரித்த சாமான்’ என்றால் அங்கேயும் விளங்கும். இங்கிருந்து போன மரத்துக்கும் இங்கேயே நின்ற மரத்துக்கும் ஒரே சொல் கிடைத்தால் எனக்கு ரொம்பச் சந்தோஷம்.

அகராதிக்கு இப்படிப் போடலாமா பாருங்கள்:

பிரிமரம் – கட்டடம், படகு, பாலம், தண்டவாளம் முதலியவற்றில் இருந்து, பிரித்தெடுத்து மீண்டும் வேலைக்கு எடுக்கும் மரம். எதிலிருந்து பிரித்தது என்பதையும் சேர்த்தே எழுதுக: வீட்டுப் பிரிமரம், படகுப் பிரிமரம்.

வல்லினம் மிகுமா என்பதை மட்டும் இலக்கணம் தெரிந்தவர்கள் பார்த்துச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ரங்கூனிலிருந்து