மாஸ்கோவில் அச்சான தமிழ்ப் புத்தகங்கள் ஏன் நின்னுச்சு? செமினாருக்கு உதவி தேவை

குகை_வாசகன்:
அப்பா சேலம் இரும்பாலையில வேலை பார்த்தவர். பரண்ல ஒரு டிரங்குப் பெட்டி நிறைய முன்னேற்றப் பதிப்பகம், ராதுகான்னு சோவியத் அரசுப் பதிப்பகங்களோட தமிழ்ப் புத்தகங்க. கெட்டி அட்டை, கலர்ப் படம், விலை ஒவ்வொண்ணும் சில ரூபாதான். சோவியத் யூனியன் கலைஞ்ச 1991-க்கு அப்புறம் அச்சானது ஒண்ணுகூட இல்ல. சந்தைப் பொருளாதாரத்துக்கு மாறுன நாடுகள்ல அரசோட பண்பாட்டுக் கொள்கை என்னாச்சுன்னு பேசணும். ‘அரசு கைவிட்டுச்சு, கலை செத்துச்சு’ன்னு முடிச்சிடலாமா?

ஓய்வு_நூலகர்:
அப்படி முடிக்காதீங்க தம்பி. நூலகத்துறையில இருந்தவன்ங்கிறதால கொஞ்சம் நீட்டிச் சொல்றேன்.

அந்த ரெண்டு ரூபா மூணு ரூபாயில காகித விலைகூட வந்திருக்காது. காகிதம், அச்சு, மாஸ்கோவுல குடியிருந்த தமிழ் மொழிபெயர்ப்பாளருக்குச் சம்பளம் எல்லாம் சோவியத் அரசு கொடுத்தது. 1992 ஜனவரி 2-ல ரஷ்யாவுல விலைக்கட்டுப்பாட்டை எடுத்தாங்க. அதுக்கப்புறம் நமக்கு யார் புத்தகம் போடுவாங்க?

ஆனா சட்டம் போடாம விடல. அதே வருஷம் அக்டோபர்ல வந்த பண்பாட்டுச் சட்டத்துல மத்திய பட்ஜெட்ல 2 சதவீதம், உள்ளாட்சி பட்ஜெட்ல 6 சதவீதம் கலைக்குன்னு எழுதினாங்க. எங்கேருந்து வரும்னு எழுதல. பட்ஜெட்டே பள்ளத்துல கிடக்கு, அதுல 2 சதவீதம்னா என்ன அர்த்தம்? ஏட்டுச் சுரைக்காய். அந்த அளவை எட்டவே இல்ல.

கலை செத்துச்சுங்கிறதும் சரியில்ல. 1990-ல வந்த சோவியத் பத்திரிகைச் சட்டத்தால தணிக்கை போச்சு. அதுவரைக்கும் பூட்டி வெச்சிருந்த எழுத்தெல்லாம் வெளிய வந்துச்சு. துப்பறியும் கதைகளும் கூடவே குவிஞ்சது, அது வேற விஷயம்.

ஏற்காடு_ரோடு:
அரசு காசு எதுக்குங்க? எங்க ரோட்டுல மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டூடியோவோட வளைவு நிக்குது. அதை நடத்துன டி.ஆர். சுந்தரம் அரசை நம்பியா அத்தனை படம் எடுத்தாரு?

ஓய்வு_நூலகர்:
இல்லீங்க. ஆனா இப்ப வளைவு மட்டுந்தானே நிக்குது! படத்துக்குச் சந்தை இருந்துச்சு, எடுத்தாரு. கிராம நூலகத்துக்குச் சந்தை எங்க இருக்கு?

தம்பி, போலந்தைப் பாருங்க. அங்க சந்தைச் சீர்திருத்தம் 1990-ல. படத்துக்கு வழி பண்ண 15 வருஷம் ஆச்சு. 2005-ல திரைப்பட நிறுவனம் ஒண்ணு அமைச்சு, டிவி சேனல், கேபிள், சினிமா தியேட்டர், விநியோகஸ்தர் எல்லாரும் வருமானத்துல 1.5 சதவீதம் கட்டணும்னாங்க. ஹங்கேரி சுதாரிச்சுக்கிட்டு 1993-லயே தேசியப் பண்பாட்டு நிதி வெச்சிடுச்சு. சதவீதத்தை விடுங்க, பணம் எந்தக் குழாய்ல வருதுன்னு பாருங்க.

நம்மகிட்டயும் அப்படி ஒரு குழாய் உண்டு. உங்க வீட்டு வரி ரசீதுல நூலக வரி இருக்கும், ரூபாய்க்கு 10 பைசா. 1948 நூலகச் சட்டத்துல ஆரம்பிச்சது. 1991-ல டெல்லியில பொருளாதாரக் கொள்கையையே மாத்துனாங்க, ஆனா இந்த வரியை எடுத்துடல.

குகை_வாசகன்:
நன்றிங்க ஐயா. போலந்துல அந்தப் பணத்தை யாருக்குத் தரணும்னு யார் முடிவு பண்றாங்க?

ஓய்வு_நூலகர்:
நிபுணர் குழு கருத்துச் சொல்லும், இயக்குநர் முடிவு எடுப்பார். அந்த நிபுணர்களை யார் நியமிக்கிறாங்கன்னு தேடிப் பிடிச்சு ஒரு ஸ்லைடு போடுங்க. உங்க செமினார்ல சண்டை அங்கதான் வரும்.