கைகளை நம்பிய தொழில்: எதிர்பாராத காயத்துக்கு எப்படித் தயாராவது?

கேள்வி
அனைவருக்கும் வணக்கம். நான் தனியாகச் சிகிச்சையகம் நடத்தும் பல் மருத்துவர். சென்ற மாதம் கண்ணாடித் தம்ளரைக் கழுவும்போது அது உடைந்து, வலது கட்டைவிரலின் அடியில் மூன்று தையல் போடும்படி ஆயிற்று. பத்து நாளில் ஆறிவிட்ட காயம்தான். ஆனால் அந்தப் பத்து நாளும் ஒரு நோயாளியைக்கூடப் பார்க்க முடியவில்லை, உதவியாளரின் சம்பளமும் கருவிகளுக்கான கடன் தவணையும் எனக்காகக் காத்திருக்கவில்லை. மருத்துவக் காப்பீடு மட்டுமே வைத்திருக்கிறேன். வேறு என்ன செய்து வைக்க வேண்டும்?

பதில் 1
வணக்கம் டாக்டர். நான் துணி வெட்டித் தைப்பவள். மூன்று ஆண்டுகளுக்கு முன் வலது ஆள்காட்டி விரலை மடக்கும் தசைநாண் அறுந்து, அறுவை சிகிச்சைக்குப் பின் ஆறு வாரம் விரல், அதைத் தாங்கிப் பிடிக்கும் ஸ்பிளின்ட்டுக்குள் இருந்தது. அழுத்திப் பிடித்து வேலை செய்ய 12 வாரங்களுக்கு மேலாயிற்று. மருத்துவமனைக் கட்டணத்தைக் காப்பீடு கொடுத்தது, வீட்டுச் செலவுக்கு வழியில்லை. கணக்கில் பணம் இருந்தும், இடது கையால் போட்ட கையெழுத்து பொருந்தவில்லை என்று காசோலை திரும்பி வந்தபோதுதான் உண்மையில் கலங்கிப்போனேன். ஆகவே நம்பகமான ஒருவருடன், இருவரில் எவரும் இயக்கக்கூடிய கூட்டுக் கணக்கை இன்றே தொடங்குங்கள். ஆறு மாதச் செலவுக்கான பணத்தை அதில் சேர்க்க முயலுங்கள்.

பதில் 2
காப்பீட்டு ஆலோசகராகப் பணிபுரிகிறேன். மருத்துவக் காப்பீடு சிகிச்சைச் செலவுக்கானது. நின்றுபோன வருமானத்துக்கு ஈடு தருவது வருமானப் பாதுகாப்புக் காப்பீடு. அதில் "இயலாமை" என்ற சொல்லுக்குத் தரப்பட்டுள்ள விளக்கத்தை வரி வரியாகப் படியுங்கள். சொந்தத் தொழிலைச் செய்ய இயலாமை என்றிருந்தால், விரல் நடுங்கும் பல் மருத்துவருக்கும் பணம் கிடைக்க வாய்ப்புண்டு. எந்த வேலையும் செய்ய இயலாமை என்றிருந்தால், மேசையில் அமர்ந்து வேறு வேலை பார்க்க முடிகிறதே என்று கோரிக்கையை மறுத்துவிட முடியும். பணம் வரத் தொடங்கும் முன்னுள்ள காத்திருப்புக் காலம் பெரும்பாலும் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை இருக்கும்; மேலே சகோதரி சொன்ன சேமிப்பு அந்த இடைவெளிக்கே தேவைப்படுகிறது. விபத்துக்கு மட்டுமான காப்பீடு, பல ஆண்டுகள் குனிந்து வேலை செய்வதால் வரும் கழுத்துவலிக்கு உதவாது.

பதில் 3
வேறொரு தொழிலைக் கற்றுக்கொள்ளுங்கள் என்று பலரும் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. முதல் உலகப்போரில் வலது கையை இழந்த பியானோ கலைஞர் பால் விட்கென்ஸ்டைன் இசையை விட்டு விலகவில்லை. இடது கைக்கு மட்டுமான இசையைப் பிரெஞ்சு இசையமைப்பாளர் ராவல் போன்றோரிடம் எழுதி வாங்கி மேடையேறினார். உங்கள் தொழிலிலும் கற்பித்தல், எக்ஸ்ரே பார்த்துக் கருத்துரைத்தல் என்று கையை நம்பாத பகுதிகள் உண்டு. வாரம் ஒரு மணி நேரமாவது இப்போதே அவற்றில் ஈடுபடுங்கள். காயம் பட்ட பிறகு அறிமுகமில்லாத இடத்தில் வாய்ப்புக் கேட்பது மிகக் கடினம்.

கேள்வி கேட்டவர்
மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கூட்டுக் கணக்குக்காக நாளை மனைவியுடன் வங்கிக்குச் செல்கிறேன். ஆறிவிட்ட இந்தக் காயத்தையும் காப்பீட்டு விண்ணப்பத்தில் குறிப்பிட வேண்டுமா?

பதில் 2
விண்ணப்பத்தில் முந்தைய காயங்களைக் கேட்டிருந்தால் அவசியம் குறிப்பிடுங்கள், டாக்டர். மூன்று தையல்தானே என்று விட்டுவிட்டால், பின்னாளில் அதே கட்டைவிரலுக்காகக் கோரும்போது அதையே காரணம் காட்டி மறுக்க இடமுண்டு. தையல் போட்டபோது தந்த மருத்துவக் குறிப்பையும் பத்திரப்படுத்துங்கள்.