முகநூலில் ஓடும் தொடரைக் கிண்டிலில் ஏற்றலாமா?

மைக்கூடு:
30 அத்தியாய நாவல், சுமார் 45,000 சொற்கள். 22 அத்தியாயம் முகநூலில் பொதுப் பதிவாகப் போயாச்சு. முடித்ததும் அமேசான் கிண்டிலில் மின்னூலாக ஏற்றி, அதன் செலக்ட் திட்டத்தில் சேர்க்க எண்ணம். சிக்கல் வருமா? ஒரு அத்தியாயத்தைச் சிறுகதையாக்கி இதழுக்கும் அனுப்பலாமா? எக்ஸில் (பழைய ட்விட்டர்) தமிழ்ப் பதிவு ஏன் சீக்கிரமே நிரம்பிடுது?

பிழைதிருத்தி:
முதல் வேலை, மீதி எட்டைப் பதிவிடாதீங்க. கேடிபி (அமேசானில் நாமே புத்தகம் ஏற்றும் தளம்) செலக்ட்டில் சேர்ந்தால் 90 நாளைக்கு மின்வடிவம் அமேசானில் மட்டும்தான் இருக்கணும். முகநூல், பிரதிலிபி, சொந்த வலைப்பூ எதுவும் விலக்கில்லை. இலவசம்தானே என்ற சமாதானமும் செல்லாது. மாதிரிக்கு 10 சதவீதம் விடலாம். உங்கள் கணக்கில் 4,500 சொல், அதாவது மூன்று அத்தியாயம். முதல் மூன்றை வைத்துக்கொண்டு மற்ற 19-ஐ எடுத்துடுங்க. அச்சுப் புத்தகத்துக்கு இந்தக் கட்டு கிடையாது.

எடுப்பது என்றால் அழிப்பது அல்ல. பதிவை யார் பார்க்கலாம் என்பதில் 'நான் மட்டும்' என்று மாத்துங்க. பின்னூட்டங்கள் கையில் இருக்கும், இறுதித் திருத்தத்துக்கு உதவும். பிறகு அத்தியாயத்துக்கு ஒரு வாக்கியம் எடுத்து, மேற்கோள் குறிக்குள் போட்டு கூகுளில் தேடுங்க. தொடர் ஓடும்போதே பிடிஎஃப் கட்டி டெலிகிராமில் விடும் 'அன்பர்கள்' உண்டு. அங்கே தனியாகத் தேடணும்.

90 நாள் ஆனதும் திட்டம் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும். வேண்டாமென்றால் முன்னதாகவே அந்த டிக்கை எடுக்கணும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

இதழ் விஷயம்: முகநூலில் வந்தாலே பிரசுரமான கணக்குத்தான். 'வேறு எங்கும் வெளியாகவில்லை' என்று உறுதிமொழி கேட்பது வழக்கம். புதிதாக ஒன்று எழுதி அனுப்புங்க.

கணக்குப்பிள்ளை:
செலக்ட் எதற்கு என்றால், இந்திய விற்பனைக்கு 70 சதவீத ராயல்டி அதில் இருந்தால்தான். இல்லையேல் 35. ஆனால் 70-இல், கோப்பின் அளவில் ஒவ்வொரு எம்பிக்கும் 7 ரூபாய் டெலிவரிச் செலவைக் கழித்துவிட்டுத்தான் பங்கு போடுவாங்க. வரி நீங்கலாக விலை 100 என்று வைங்க. கோப்பு 3 எம்பி என்றால் 21 போய், மிச்சம் 79-இல் 70 சதவீதம்: 55.30. அதையே அரை எம்பிக்குக் கொண்டுவந்தால் 67.55. எழுத்துக்கு எடையே இல்லை; அத்தியாயத்துக்கு அத்தியாயம் பூவேலைப் படம் வைப்பதுதான் காசைத் தின்னுது.

இரவுவாசகி:
எக்ஸ் கேள்விக்கு: அது நம் எழுத்தை எண்ணுவதில்லை, யூனிகோட் குறிகளை எண்ணுது. 'தமிழ்' நமக்கு மூன்றெழுத்து. அதற்கு த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என்று ஐந்து. 280 குறி வரம்பில் நாலைந்து வாக்கியம்தான் அடங்கும். இன்ஸ்டாவில் 2,200 வரை போகலாம், ஆனால் அடிக்குறிப்பில் போடும் சுட்டி வேலை செய்யாது. புத்தகச் சுட்டியை முகப்புக் குறிப்பிலோ ஸ்டோரி ஸ்டிக்கரிலோ வைங்க.

நாவல் வரிகளைப் படமாக்கும்போது 'கொ', 'கை' எல்லாம் கொம்பு இடம்மாறி வந்தால் எழுத்துருவைத் திட்டாதீங்க. பழைய போட்டோஷாப் பதிப்பு என்றால், அமைப்புகளில் டைப் பகுதிக்குப் போய் தெற்காசிய மொழிகளுக்கான தேர்வைப் போட்டு, மூடித் திறங்க. அப்படியும் சரியாகாவிட்டால் பாமினி மாதிரி பழைய குறியாக்கத்தில் தட்டிய வரியா என்று பாருங்க.

மைக்கூடு:
22-இல் ஐந்து பிரதிலிபியிலும் இருக்கு. அதையும் எடுக்கணுமா?

பிழைதிருத்தி:
முதல் மூன்று தவிர மற்றதை எடுக்கணும். எடுத்து, தேடலில் வரவில்லை என்று பார்த்த பிறகே செலக்ட் பொத்தானை அழுத்துங்க.