ரீமாஸ்டர் விளையாட்டு லினக்ஸில் நின்று நின்று ஓடுகிறது

கேள்வி (கோண்டாவில்)

வணக்கம். பள்ளி நாட்களில் அண்ணாவின் கணினியில் இரவிரவாக விளையாடிய ரோல்-பிளேயிங் விளையாட்டொன்றின் ரீமாஸ்டர் (புதுப்பித்து வெளியிட்ட) வடிவத்தை, மூன்று மாதம் காசு சேர்த்து வாங்கி, உபுண்டு லினக்ஸில், வின்டோஸ் விளையாட்டுகளை லினக்ஸில் ஓடவைக்கும் புரோட்டான் வழியாக ஓட்டிப் பார்த்து மனம் சோர்ந்து போனேன். குகைகளுக்குள் நொடிக்கு 60 பிரேம்கள் தடையின்றி வருகின்றன. ஆனால் கதவைத் திறந்து வெட்டவெளிக்கு வந்ததும், குதிரை நான்கு அடி வைப்பதற்குள் படம் மூன்று முறை உறைகிறது. ஒவ்வொரு பிரேமுக்கும் எடுக்கும் நேரத்தைக் காட்டும் மாங்கோஹட் வரைபடத்தில் 17 மில்லிசெக்கனில் கிடந்த கோடு 140 வரை எழுகிறது. வரைகலைத் தரத்தைத் தாழ்த்தியும் பயனில்லை. பழைய வடிவம் இதே கணினியில் வழுக்கிக்கொண்டு ஓடுகிறதே, இதற்கு மட்டும் ஏன் இந்தக் கதி?

பதில் (நல்லூர்)

தம்பி, பெயர் ஒன்றானாலும் புரோட்டானுக்கு இவை வெவ்வேறு வேலைகள். பழையது டைரக்ட்எக்ஸ் 9 (வின்டோஸின் வரைகலை இடைமுகம்) என்றால் அதை லினக்ஸிலும் இயங்கும் வல்கன் இடைமுகத்துக்கு மாற்றுவது டிஎக்ஸ்விகே என்ற மென்பொருள். புதியது டைரக்ட்எக்ஸ் 12 என்றால் அந்தப் பொறுப்பு விகேடி3டி-புரோட்டானுடையது. தரத்தைத் தாழ்த்தியும் உறைதல் குறையவில்லை என்பதே நல்ல தடயம், ஏனெனில் வரைகலை அட்டை திணறினால் அது குறைந்திருக்க வேண்டும். ஒரே பாதையில் இரண்டு முறை குதிரையை ஓட்டிப் பாருங்கள். இரண்டாம் முறை சீராக ஓடினால், முதன்முறை எதிர்ப்படும் ஷேடர்களை (வரைகலை அட்டையில் ஓடும் சிறு நிரல்களை) அந்தக் கணத்திலேயே தொகுப்பதுதான் காரணம். ஷேடர்களை முன்கூட்டியே பின்னணியில் தயாரிக்கும் தெரிவை, விளையாட்டுகளை வாங்கி ஓட்டும் ஸ்டீம் செயலியில் இயக்கிவிட்டால் அது பெரும்பாலும் தணியும். இரண்டாம் முறையும் அதே இடத்தில் உறைந்தால், தரவு வட்டிலிருந்து வந்து சேரத் தாமதமாகிறதா என்று பாருங்கள்.

கேள்வி கேட்டவர்

அண்ணா, இரண்டாம் முறையும் அதே பாலத்தடியில்தான் உறைந்தது. விளையாட்டை வின்டோஸுக்கென்று பிரித்த என்டிஎஃப்எஸ் (வின்டோஸின் கோப்பு முறைமை) பகிர்வில், பழைய ஹார்ட் டிஸ்க்கில் வைத்திருக்கிறேன்.

பதில் (சுன்னாகம்)

அப்படியானால் முதலில் அதை மாற்றுங்கள். சுழலும் வட்டில் ஊசி இடத்துக்கிடம் நகர்ந்துதான் தரவை எடுக்க வேண்டும். திறந்த உலகை நடக்க நடக்க ஏற்றும் விளையாட்டுக்கு அந்த வேகம் போதாது. என்டிஎஃப்எஸ் பகிர்வில் புரோட்டான் விளையாட்டுகளை வைப்பதும் வீண் சிக்கல். நானும் இதே விளையாட்டை சுழலும் பாகமில்லாத எஸ்எஸ்டியில் எக்ஸ்ட்4 (லினக்ஸின் கோப்பு முறைமை) பகிர்வுக்கு மாற்றிய பிறகுதான் நிம்மதியாக விளையாடினேன். ஆயினும் புதிய பகுதிக்குள் நுழையும் எல்லைகளில் சிறு திக்கல் எஞ்சுகிறது. என் மச்சானின் வின்டோஸ் கணினியிலும் அதே எல்லைகளில் அதே திக்கலைக் கண்டேன். ஆகவே அதற்காக லினக்ஸைக் கைவிட வேண்டாம். தயாரித்தவர்கள்தான் அதைத் திருத்தித் தர வேண்டும்.